நாலு இரவுக்கு ஒரு பை

பை அடுக்குவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது ஒரு பை அடுக்கினேன். கிளிநொச்சியை விட்டு ஓடியபோது இன்னொன்று. அக்கராயன் பக்கம் காட்டோரம் கொட்டில் போட்டு இருந்துவிட்டு, அங்கிருந்தும் கிளம்பியபோது மற்றொன்று. எதை முதலில் வைப்பது, எதைக் கையில் எடுப்பது, எதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போவது எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்தப் பைகளில் ஒன்றுகூடப் புறப்பட்ட வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. அந்த ஆவணி மாதம் வரை நான் அதை யோசித்துப் பார்த்ததும் இல்லை.

சண்டையால் பூட்டிக் கிடந்த வன்னிப் பாதை திறந்து மூன்றாவது ஆவணி அது. சண்டை நின்றிருந்தது. கண்டாவளையில், என் மாமனாருக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயற்காணியில் நாங்கள் மறுபடி கொட்டில் போட்டு, பக்கத்தில் கல்வீட்டுக்கு அத்திவாரமும் வெட்டியிருந்தோம். என் வீட்டுக்காரர் சைவம், நான் வேதக்காரி. மகள் இரண்டு பக்கத்துக்கும் பொது. வெள்ளிக்கிழமை தகப்பனோடு பிள்ளையார் கோயில், ஞாயிற்றுக்கிழமை என்னோடு தேவாலயம். அவளுக்குப் பத்து வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலை முடிந்து வந்தவள் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். முல்லைத்தீவுப் பக்கம், கடற்கரையோரத் தேவாலய வளவு ஒன்றில் பிள்ளைகளுக்கு விடுமுறைக் காம்ப். செவ்வாய்க்கிழமை போய்ச் சனிக்கிழமை வருவது. நாலு இரவு.

"எல்லாப் பிள்ளையளும் போகினம் அம்மா."

"எல்லாப் பிள்ளையளும் எண்டால் ஆர் ஆர்?"

இரண்டு பேரின் பெயரைச் சொன்னாள். மூன்றாவது பெயர் அவளுக்கு வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கும் பன்னிரண்டு வயதில் ஒரு தாள் வந்தது. "பெட்டைப் பிள்ளை வெளியிலை படுக்கிறதோ" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த விடுமுறை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அதனால் மகளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்றேன். சொன்ன நிமிடத்திலேயே தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

தாளின் பின்பக்கத்தில் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது. வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஒரு கொப்பி, பேனை, நாலு நாளைக்கு உடுப்பு, சாப்பாட்டுக் கோப்பை, தேத்தண்ணிப் பேணி, துவாய், சவுக்காரம், விரித்துப் படுக்க ஒரு துணி, ரோச் லைற். அதை எழுதியவர் காம்பை நடத்துவதற்கு வவுனியாவிலிருந்து வருகிற ஒரு கணக்கு ரீச்சர். கல்யாணம் செய்யாதவர் என்று போதகரின் மனைவி சொல்லியிருந்தார். எழுத்து ஒரே அளவாக, ஒன்றையொன்று முட்டாமல் இருந்தது. கடைசியில் 'இவை போதும். பெற்றோர் இடையில் வந்து பார்க்க வேண்டாம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த இரண்டு கோட்டிலேயே எனக்கு அந்த மனுசியைப் பிடிக்காமல் போய்விட்டது.

பட்டியலில் இருந்ததை எல்லாம் திங்கட்கிழமை காலையில் அடுக்கி முடித்தேன். பை பாதிகூட நிறையவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பாதிப் பையோடு ஒரு பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புகிறவளும் ஒரு தாயா என்று இருந்தது. முதலில் ஒரு நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி வைத்தேன். பிறகு இரண்டு மெழுகுதிரி. அவளுக்கு இழுப்பு வருவதுண்டு, அதற்குக் குளிசை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற பக்கற் மூன்று. ஒரு சுண்டு சீனி. ஒரு கொத்து அரிசி. அரிசி இருந்தால் அவிக்கச் சட்டி வேண்டுமே என்று ஒரு சின்ன அலுமினியச் சட்டி. நிலம் ஈரமாக இருந்தால் என்ன செய்வது என்று தறப்பாளில் ஒரு துண்டு. மாமா, மாமி, பெரியப்பா என்று நாலு ஊரிலுள்ள சொந்தக்காரரின் விலாசம் எழுதிய ஒரு தாள். எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றிய அவளுடைய பிறப்புப் பத்திரம்.

அந்தப் பத்திரத்துக்கு ஒரு கதை உண்டு. கிளிநொச்சியை விட்டு ஓடியபோது அவளுக்கு இரண்டு வயது முடியவில்லை. ஒரு கையில் அவளையும் மறுகையில் பையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அலுமாரி மேல்தட்டில் கிடந்த பத்திரத்தை மறந்துபோனேன். பதிவில்லாத பிள்ளைக்கு நிவாரணம் தரமாட்டோம் என்றார்கள். பிள்ளை என் இடுப்பில் இருந்து விரலைச் சூப்பிக்கொண்டிருக்க, அவள் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்று என்னைக் கேட்டார்கள். புதுப்பிரதி எடுக்க வருடக்கணக்கில் அலைந்தேன். அதற்குப் பிறகு, அவள் ஒரு பக்கம் போனால் அந்தப் பத்திரமும் அந்தப் பக்கம் போகும் என்பது என்னுடைய சட்டம்.

மகள் பையைத் திறந்து பார்த்துவிட்டு அழுமாப்போல நின்றாள்.

"அம்மா, அங்கை சாப்பாடு தருவினம்."

"தந்தால் நல்லது. தராட்டி?"

"சட்டியைக் கண்டால் பிள்ளையள் சிரிப்பினம்."

"சிரிக்கிறவைக்குப் பசி வரேக்கை நீ சிரி."

என் வாய் அப்படித்தான். அவள் தகப்பன் வயலிலிருந்து வந்து பையை ஒரு கையால் தூக்கினார், முடியவில்லை, இரண்டு கையாலும் தூக்கினார்.

"பிள்ளை காம்புக்குப் போகுதோ, இல்லாட்டிக் குடும்பமா இடம்பெயரப் போகுதோ?"

"நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

"இன்னும் கொஞ்சம் இடமிருக்கு. கிணத்தையும் கிளப்பி வையும்."

நான் பையின் வாயை இழுத்துக் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை உழவு மெசின் பெட்டியில் மூவரும் ஏறிப் பரந்தன் சந்திக்குப் போனோம். காம்புக்கான பஸ் அங்கிருந்துதான் புறப்பட்டது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயரை அடையாளமிட்டுக்கொண்டு அந்த ரீச்சர் நின்றார். மெலிந்த, கண்ணாடி போட்ட, நாற்பது வயது மதிக்கக்கூடிய மனுசி. மகளின் பையை வாங்கியவர் தடுமாறி, ஒரு காலைப் பின்னால் வைத்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பையைப் பஸ்ஸுக்குள் ஏற்றினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பதில் கொடுக்க நான் ஆயத்தமாகத்தான் நின்றேன்.

நான் மகளின் தலையில் கைவைத்துச் செபம் சொன்னேன். என் முறை முடிந்ததும் அவள் தகப்பன் மடியிலிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்து, அவள் நெற்றியில் திருநீற்றைப் பூசாமல், காதுக்குப் பின்னால் ஒரு துளி தொட்டு வைத்தார். காம்பில் யாரும் பிள்ளையை ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்ற யோசனை அவருக்கு. நான் காணாத மாதிரி மற்றப்பக்கம் பார்த்தேன். பஸ் முல்லைத்தீவு வீதியில் திரும்பியபோது அவள் யன்னலால் கைகாட்டினாள். எனக்குக் காட்டினாளா, சந்தியில் நின்ற எல்லோருக்கும் காட்டினாளா தெரியவில்லை.

அந்த நாலு நாளைப் பற்றி நான் என்ன சொல்ல. நான் சரியாக வேலை செய்யவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதுதான் என் வேலை. விடுமுறையாதலால் அதுவும் இல்லை. மூன்று பேருக்கே உலை வைத்தேன். மத்தியானத்தில் அவளுடைய கோப்பையையும் எடுத்துக் கழுவப் போய், அது பையோடு போய்விட்டது என்று நினைவு வந்து நின்றேன். கிணற்றடியில் அவளுடைய பழைய செருப்பு கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தேன், பிறகு கிடந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டேன். ஓடித்திரிந்த காலத்தில் குண்டுக்கும் பசிக்கும் பயந்திருக்கிறேன். ஆனால் பிள்ளை என் கைக்கெட்டாத தூரத்தில் நின்றதில்லை. சண்டை இல்லாத ஒரு கிழமையில், நல்ல காற்றும் வெயிலுமாக இருக்கிற ஒரு நாளில், பிள்ளையை நினைத்து நெஞ்சு இப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் புதன்கிழமை பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போய், போதகரிடம் காம்பிலிருந்து ஏதும் செய்தி உண்டோ என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த மனுசன் அதற்கு முன்பு தேவாலயம் ஒன்றின் படலையைத் திறந்தது எங்கள் கல்யாணத்துக்குத்தான்.

வியாழக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. பயறு வறுத்து இடித்துப் பயற்றம் உருண்டை பிடித்து, ஒரு பேணியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வேண்டாம் என்று இரண்டு கோடு போட்டது எனக்கு மறந்துபோனதல்ல. பிள்ளை அழுதுகொண்டிருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால் பனை வடலி அடர்ந்திருந்தது. அதற்குள் நின்று பார்த்தேன். கடற்கரையில் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக நின்று பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றினார்கள். என் மகள் பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள். முழங்கால் வரை ஈரம். இரட்டைப்பின்னல் அவிழ்ந்து தலை பரட்டையாகக் கிடந்தது. அலை வந்ததும் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் ஓடிப்போய் அந்த ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் வடலிக்குள்ளேயே நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் நல்லாயிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் மூன்று நாளாக வெந்துகொண்டிருக்க, அவளுக்கு என் நினைவே இல்லையே என்றுதான் வந்தது. பெற்ற பத்து வயதுப் பிள்ளையோடு கோபித்துக்கொண்ட தாய் நானாகத்தான் இருப்பேன். அவர்கள் வரிசையாகச் சாப்பாட்டுக்குப் போனதும் வீதிக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன். பயற்றம் உருண்டை முழுவதையும் பஸ்ஸிலேயே நானே சாப்பிட்டு முடித்தேன். வீட்டுக்காரரிடம் சந்தைக்குப் போனதாகச் சொன்னேன். ஒரு காய்கறியும் இல்லாமல் சந்தையிலிருந்து வந்தவளை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பரந்தன் சந்தியில் பஸ் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே நின்றோம். கறுத்து, மூக்கு உரிந்து, தொண்டை கட்டி இறங்கினாள். இறங்கிய நிமிடத்திலிருந்து ஒரே கதை. எல்லாக் கதையும் 'ரீச்சர் சொன்னவா' என்றுதான் தொடங்கியது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பையின் கதையும் அப்போதுதான் வெளியில் வந்தது. முதல்நாள் பின்னேரம் ரீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, பட்டியலில் இல்லாததை எல்லாம் எடுத்து வெளியில் வையுங்கள் என்றாராம். மகள் வெட்கத்தில் குனிந்துகொண்டு சட்டியை எடுத்து வைத்தாளாம். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்துப் பிள்ளையும் ஒரு சட்டியை வைக்கிறாள். அதற்கடுத்தவள் கேத்தில். எல்லோரிடமும் நெருப்புப்பெட்டி. எல்லோரிடமும் அரிசி. ஒரு தாய் விறகு கொத்தக் கைக்கோடாலியே வைத்து அனுப்பியிருந்தாளாம். எல்லாப் பைக்கும் அடியில் பொலித்தீன் சுற்றிய பிறப்புப் பத்திரம். ரீச்சர் அந்தக் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாராம். பிறகு பத்திரங்களைப் பிஸ்கட் தகரத்தில் போட்டுப் பூட்டிவிட்டு, அரிசியை எல்லாம் ஒன்றாகக் கொட்டச் சொன்னாராம்.

"வெள்ளிக்கிழமை எங்கடை அரிசியிலைதான் அம்மா எல்லாருக்கும் பால்கஞ்சி காய்ச்சினவ. உங்கடை சீனியும் போட்டது."

பத்திரம் போட்ட பொலித்தீனுக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. அதே எழுத்து. 'அம்மா, பிள்ளை திரும்பி வருவதற்குத்தான் வந்தவ. அடுத்த முறை பட்டியலில் உள்ளது மட்டும் போதும்.' எல்லாத் தாய்மாருக்கும் ஒவ்வொரு துண்டு வைத்தாராம்.

"பிள்ளை பெறாதவளுக்கு இதெல்லாம் என்ன விளங்கும்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உமக்கு நாக்கிலை நரம்பில்லை" என்றார். அவர் என்னிடம் கோபமாகச் சொன்ன வார்த்தைகள் குறைவு. அதனால் இன்றும் நினைவிருக்கிறது. அந்தத் துண்டை நான் எறியவில்லை. பத்திரத்தோடு வைத்துவிட்டேன்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. அந்த மார்கழியில் கடல் பொங்கி வந்து தேவாலயத்தையும் வளவையும் கொண்டுபோனது. அந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்கள் இல்லாமல் போயின. மகள் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சண்டை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பாதை பூட்டினார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கத்துக்குச் சண்டைக்குத் தரவேண்டும் என்ற கதை முதலில் தூரத்து ஊர்களில் கேட்டது, பிறகு எங்கள் ஒழுங்கையில் கேட்டது. எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு பிள்ளைதான். அவளுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது, வயதுக்கு மீறி வளர்ந்திருந்தாள்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தரமாட்டார்கள். வைத்தியம் என்றால் மட்டும், சில நாளைக்கு, பிணை வைத்துத் தருவார்கள். பிள்ளை திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். மகளுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பாடசாலையில் சொல்லியிருந்தார்கள். வவுனியாவில் கண் காட்டிக் கண்ணாடி எடுக்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினேன். பிணைக்கு நானே கையெழுத்துப் போட்டேன். போதகரின் மனைவிக்கு வேறு அலுவலாகப் போக பாஸ் கிடைத்திருந்தது. அவரோடு அனுப்புவதாக முடிவாயிற்று. ஐந்து நாள் பாஸ். செவ்வாய்க்கிழமை போய்ச் சனிக்கிழமை வருவது.

வவுனியாவில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவர்தான். அந்த ரீச்சருக்குக் கடிதம் எழுதினேன். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற காலம். அதனால் பிள்ளையின் கண்ணைக் காட்டி உதவும்படி மட்டும் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்தமுறை நீங்கள் சொன்னபடி பட்டியலில் உள்ளது மட்டும்தான் வைத்திருக்கிறேன்.' பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது அவருக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு வைத வாயால், அவர் வீட்டுக் கதவு திறக்க வேண்டும் என்று இரவும் பகலும் செபித்தேன்.

மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சோதிக்கிற இடத்தில் பிள்ளையின் முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். பையும் அப்படித்தான். ஐந்து நாளைக்குக் கண் காட்டப் போகிறவளின் பை பெரிதாக இருந்தால் சந்தேகம் வரும். நான் அந்தப் பழைய பட்டியலை மனத்தில் சொல்லிச் சொல்லி அடுக்கினேன். உடுப்பு, கோப்பை, பேணி, துவாய், சவுக்காரம், விரிக்கத் துணி. அவளுக்குப் பிடித்த பச்சைச் சட்டையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஐந்து நாளைக்கு நாலு சட்டை போதும். திரும்பி வராத பயணம் என்று தெரிந்து நான் அடுக்கிய ஒரே பை அது. அதற்குள் ஒரு நெருப்புப்பெட்டிகூட வைக்க முடியாமல் போயிற்று. பிறப்புப் பத்திரம் மட்டும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் காட்டத் தேவை என்று அவள் கையில் கொடுத்தேன். அந்தத் துண்டுக் கடதாசியும் அதனோடு போயிற்று.

பரந்தன் சந்தியில் அவள் பையைத் தோளில் கொழுவினாள். ஒருதரம் குலுக்கிப் பார்த்தாள்.

"எத்தினை நாள் அம்மா?"

"உனக்குத் தெரியாதோ? சனிக்கிழமை வந்திடுவாய்."

"ஓம்" என்றாள். காலில் விழுந்து கும்பிட்டாள். ஐந்து நாளைக்குப் போகிற பிள்ளை எதற்குக் கும்பிடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். தகப்பன் இந்தமுறை நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பஸ் மறைந்ததும் அவர் சந்திக் கடையின் வாங்கில் போய் இருந்தார். எழும்ப வெகுநேரம் எடுத்தது.

அந்தச் சனிக்கிழமை நான் சந்திக்குப் போனேன். போகாவிட்டால் அயலில் சந்தேகப்படுவார்கள். அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ் வந்து நின்றதும் என் கண் ஒவ்வொரு தலையாகத் தேடியது. வரக்கூடாது என்று அனுப்பிய பிள்ளை வந்துவிட மாட்டாளா என்று இருந்தது. இறங்கிய போதகரின் மனைவி என் கையில் ஒரு துண்டைத் திணித்தார். 'வந்து சேர்ந்தா. சுகம்.' ஒரே அளவான அந்த எழுத்து. பாஸ் கந்தோரில் என்னைப் பல நாள் கூப்பிட்டு இருத்தினார்கள். கண்ணில் சத்திரசிகிச்சை என்றேன், பாதை பிரச்சினை என்றேன். தண்டனையாகப் பதுங்குகுழி வெட்ட அனுப்பினார்கள், போய் வெட்டினேன். அது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை இங்கே எழுத நான் வரவில்லை. கண்டாவளையிலிருந்து கிழக்கே கிழக்கே போனோம். பையோடு வெளிக்கிட்டு, பையை எறிந்துவிட்டு, கடைசியில் உடுத்த துணியோடு நானும் அவரும் உயிரோடு வந்து சேர்ந்தோம். செட்டிகுளம் பக்கம் முள்ளுக்கம்பி அடித்த அகதி முகாமுக்குள் ஆமிக்காரர் கொண்டுபோய் விட்டார்கள். தறப்பாள் கூடாரம், தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை. பெயர்ப் பட்டியல் வெளியில் போய், அதைப் பார்த்து அவள் எங்களைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது.

ஒலிபெருக்கியில் என் பெயர் கூப்பிட்டார்கள். கம்பிக்கு இந்தப்பக்கம் நாங்கள் ஒரு கூட்டம், நடுவில் ஒரு பாதை, அந்தப் பக்கத்துக் கம்பியில் பார்க்க வந்த சனம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் பதின்மூன்று வயது முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு உயர்ந்த பெட்டை "அம்மா" என்றாள். பக்கத்தில் ரீச்சர் நின்றார், தலை நரைத்திருந்தது. நான் அவரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, எங்களைக் கதைக்க விட்டுப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்த வார்த்தை இதுதான்.

"சனிக்கிழமை எண்டு உனக்குப் பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை."

"எனக்கு அண்டைக்கே தெரியும் அம்மா."

"எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சந்தியிலை பையைத் தூக்கினனான். பாரமில்லை."

நாலு இரவுக்கு ஒரு கொத்து அரிசியும் சட்டியும் கட்டிக் கொடுத்த தாய், நாலு சட்டையோடு அனுப்பினால் பிள்ளைக்கு விளங்காதா? அவள் தெரிந்துகொண்டுதான் கும்பிட்டாள். தெரிந்துகொண்டுதான் ஓம் என்றாள். நான் நடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நடித்தது அவள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. நேரம் முடிந்தது என்று காவலுக்கு நின்றவர்கள் விசில் ஊதினார்கள். "மேசையிலை உங்களுக்கு ஒரு பை குடுத்திருக்கிறன், வாங்குங்கோ" என்று கத்தினாள். மற்றது சத்தத்தில் கேட்கவில்லை.

சோதிக்கிற மேசையில் பையைக் கிளறிவிட்டுத் தந்தார்கள். என்னால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. தண்ணீர் வரிசையை விட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். பிள்ளையைப் பார்க்கத் தவறிவிட்டேனே என்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் பையைத் தூக்கினார். வாய் கட்டாமல் கிடந்த பைக்குள் துவாயும் சவுக்காரமும் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு சுண்டு சீனி, அரிசி, பொலித்தீனில் சுற்றிய மெழுகுதிரி, ஒரு சின்ன அலுமினியச் சட்டி.

"நல்ல பாரம். திரும்பி வீட்டை போவம்" என்றார் அவர்.